சுண்ணாம்புக் கோடு போட்ட சட்டி

மருந்தைப் பற்றி எழுதச் சொல்லி மூன்று கடிதம் போட்டுவிட்டீர்கள். இந்த வயதில் கோபப்படக் கூடாது என்கிறாள் என் மகள். வந்துவிட்டதே, என்ன செய்ய? செந்தூரத்துக்கு எத்தனை புடம், பஸ்பம் எந்த நிறத்தில் இறங்க வேண்டும் என்பதெல்லாம் ஏட்டில் இருக்கிறது, அச்சுப் புத்தகத்திலும் வந்துவிட்டது. படித்துக்கொள்ளுங்கள். என்னிடம் இருப்பது ஒரு மண்சட்டியின் கதை. ராசிபுரத்தில் நாற்பது வருஷம் வைத்தியம் பார்த்தேன். புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் உங்களுக்கு என்ன சொல்லலாம் என்று யோசித்தால், அந்தச் சட்டிதான் எதிரில் வந்து உட்காருகிறது.

முதலில் என் பெருமை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வினையே அதில்தான் இருக்கிறது. நோயாளி வீட்டில் நான் கை நனைக்க மாட்டேன். சோறு வேண்டாம், மோர் வேண்டாம், வெற்றிலைகூட வேண்டாம். சித்திரை வெயிலில் ஐந்து மைல் நடந்து போய் நாடி பார்த்துவிட்டு, தொண்டை வறள வறளத் திரும்பி வந்து, என் வீட்டுப் பானையில்தான் தண்ணீர் குடிப்பேன். "ராசிபுரத்து வைத்தியரு பச்சைத் தண்ணிகூட வாங்கிக் குடிக்க மாட்டாருங்க" என்று சந்தையில் பேசிக்கொள்வார்கள். அதைக் கேட்க எனக்கு அத்தனை சுகமாக இருக்கும்.

இந்த வைராக்கியம் என் ஆசானைப் பார்த்து வந்தது. அவரைப் போல ஆகிவிடக் கூடாது என்று வந்தது. சேலம் அம்மாபேட்டை நெசவுத் தெருக்களில் வைத்தியம் பார்த்தவர். கைராசிக்காரர், ஆனால் ஒரு பழக்கம் உண்டு. யாருக்காவது கடும்பத்தியம் வைத்தால், முதல் நாள் சாப்பாட்டு வேளை பார்த்து அந்த வீட்டுக்குப் போவார். தறியில் இருப்பவர்களையும் எழுப்பி வரச் சொல்லுவார். அத்தனை பேரும் பார்க்க நோயாளியின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அதே சட்டியிலிருந்து அதே உப்பில்லாத சோற்றை வாங்கிச் சாப்பிடுவார். "சரியான சாப்பாட்டு ராமன்" என்று கூடத் தொழில் பழகியவனிடம் சொல்லிச் சிரித்தேன். காரணத்தை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உப்பில்லாத சோற்றுக்கா ஒரு மனிதன் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு போவான் என்று கொஞ்சம் யோசித்திருந்தால் புரிந்திருக்கும். எங்கே யோசித்தேன்!

யுத்தம் வருவதற்குக் கொஞ்சம் முந்தி, மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்து பெரியண்ணன் என்ற குடியானவர் மகளை மாட்டு வண்டியில் கூட்டிவந்தார். மகள் பெயர் பாவாயி, பதினெட்டு வயது. கூடவே தாய் நல்லம்மாள். பெண்ணின் முழங்கை, முழங்கால், முதுகு எல்லாம் தடித்துச் சிவந்து, வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிர்ந்துகொண்டிருந்தது. தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை சொந்த அத்தை மகன், சின்ன வயதிலிருந்து பேசி வைத்தது. வந்ததோ ஐப்பசியில்.

கோழி இறகு ஒன்றை எடுத்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, செதில் இருந்த இடங்களில் வருடிப் பார்த்தேன்.

"தெரியுதா?"

"கூசுதுங்க" என்று சிரித்தாள்.

எனக்குத் திருப்தி. பெருநோய், அதாவது குஷ்டம், என்றால் அந்த இடத்தில் உணர்ச்சி செத்திருக்கும். இவளுக்குச் சிரிப்பு வருகிறது. "கரப்பான் படைதான். ஒரு மண்டலத்துல போயிரும்" என்றேன். நல்லம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். இது பெருநோய் இல்லை என்று அன்றைக்கு நான் வாயைத் திறந்து சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தால் போதும் என்று இருந்துவிட்டேன்.

பத்தியம் சொன்னேன். உப்பு, புளி, மிளகாய், கத்திரிக்காய், கருவாடு, கம்பு, சோளம் எதுவும் ஆகாது. பழைய அரிசிச் சோறு, பாசிப்பயறு, பசுநெய், இவ்வளவுதான். வீட்டுச் சட்டிகளில் புளியும் உப்பும் ஊறிக் கிடக்கும் என்பதால் புதுச் சட்டியை நானே கொடுப்பது வழக்கம். மற்றதோடு கலந்துவிடாமல் இருக்க, அதன் கழுத்தைச் சுற்றிச் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுக் கொடுப்பேன்.

"இது தனிச் சட்டி. தனி அடுப்பு, தனி வட்டல். இவ சட்டியில வேற யாரும் கை போடக் கூடாது. இவளும் வேற யாரு வட்டல்லயும் கை வெக்கக் கூடாது. நாப்பத்தெட்டாம் நாளு நானே வந்து, என் கையால உப்பு குடுத்துப் பத்தியம் முறிக்கறேன். அதுவரைக்கும் மீறுனா மருந்து விஷமாயிரும், ஆமா."

"தனி அடுப்பு எதுக்குங்க?" என்று பெரியண்ணன் கேட்டார்.

"வைத்தியரு நீங்களா, நானா?"

மனுஷன் சட்டியை வாங்கி வண்டியில் வைத்துக்கொண்டார்.

இப்போது அந்த ஊர்க்காரர்கள் கண்ணால் பாருங்கள். தோலில் செதில் உதிரும் ஒரு பெண். மாடு கட்டும் கட்டுத்தரை ஓரத்தில் மூன்று கல் கூட்டித் தனி அடுப்பு. அடையாளக் கோடு போட்ட சட்டி. அவள் சோறு தின்ற வட்டலை வீட்டில் ஒருவரும் தொடுவதில்லை. எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் இதற்கு ஒரே அர்த்தம்தான். பெருநோய் கண்டவர்களைத்தான் இப்படி ஒதுக்கி வைப்பார்கள். பெருநோயாகவே இருந்தால்தான் ஒரு மனுஷியை அப்படி வைக்கலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதைக் கேட்கும் புத்தி அன்றைக்கு எனக்கும் இல்லை, ஊருக்கும் இல்லை.

இருபத்திரண்டாம் நாள் நல்லம்மாள் தனியாக வந்தாள். பாதி தூரம் நடை, பாதி தூரம் பஸ். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"படை எப்படி இருக்குது?"

"முதுகு சுத்தமாயிருச்சுங்க. கையும் பரவால்லீங்க. முழங்காலுக்குக் கீழதான் கொஞ்சம் இருக்குதுங்க. ஊரு வாயத்தான் மூட முடியலீங்க சாமி."

ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்று நானும் ஒரு பழமொழியைச் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கிணற்றடியில் பாவாயி குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போகிறார்களாம். எதிர்வீட்டுக் குழந்தை தவழ்ந்து இவள் பக்கம் வந்தால் ஓடிவந்து இழுத்துக்கொள்கிறார்களாம். மாப்பிள்ளை வீட்டுக்கும் சேதி எட்டிவிட்டது.

"வர்ற புதன்கிழமை எங்க நாத்தனா வர்றாங்க, ஒறம்பரை சொந்தமெல்லாம் கூட்டிக்கிட்டு. கண்ணால பாத்துட்டுத்தான் மத்த பேச்சுங்கறாங்க. ஏனுங்க சாமி, நீங்க அன்னைக்கு ஊட்டுக்கு வரோணுமுங்க. அவங்க முன்னால உக்காந்து, பாவாயி சட்டியில ஒரு வாய் சோறு திங்கோணுமுங்க. ஒரே ஒரு வாயிங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நோயாளி ஊட்டுல நான் கை நனைக்கறதில்லைன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியுமுங்க. அதனாலதானுங்க கேக்கறேன். பச்சைத் தண்ணி குடிக்காத நீங்க தின்னா ஊரே நம்புமுங்க."

எழுத்தறியாதவள். நான் அத்தனை வருஷமாகச் சேர்த்த பெயரை எதற்குச் செலவழிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

"என் வார்த்தை பத்தாதா? கரப்பான்தான்னு சொன்னதாப் போய்ச் சொல்லு."

"வார்த்தைய ஒரு காதுல வாங்கி இன்னொரு காதுல உட்ருவாங்க. திங்கறதக் கண்ணால பாப்பாங்கல்லங்க."

நான் மருந்தை மடிக்கத் தொடங்கினேன். அவள் குரலைத் தாழ்த்தி இன்னொன்று கேட்டாள்.

"அப்படீன்னா அன்னைக்கு ஒரு வேளைக்கு மட்டும், அவ அத்தை கூட உக்காந்து ஒரு வாய் தின்னுக்கட்டுமுங்களா? கூப்புட்டுத் தின்னச் சொல்லுவாங்க. மாட்டேன்னுட்டா அதோட முடிஞ்சுதுங்க."

இங்கேதான் நீங்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். மருந்து அதற்குள் பாதிக்கு மேல் வேலை செய்துவிட்டது. ஒரு வாய் உப்புச் சோற்றால் என்ன குடி முழுகிப் போயிருக்கும்? கொஞ்சம் அரிப்பு கண்டிருக்கும். பத்தியத்தை நாலைந்து நாள் நீட்டியிருப்பேன். இது எனக்கு அப்போதே தெரியும், பிற்பாடு வந்த ஞானம் இல்லை. தெரிந்துகொண்டே சொன்னேன்: "ஒரு பருக்கை உப்புச் சோறு உள்ள போச்சுன்னா, என் வாசப்படி மிதிக்க வேண்டாம்."

ஏன் சொன்னேன் என்று நானும் இத்தனை காலமாக என்னைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஒருத்திக்குத் தளர்த்தினால் நாளைக்கு ஒன்பது பேர் வந்து நிற்பார்கள் என்ற பயம் ஒன்று. சட்டி கழுவுகிறவள் எனக்கு யோசனை சொல்வதா என்ற எரிச்சல் ஒன்று. பத்தியத்தில் வளைந்து கொடுக்காத வைத்தியர் என்ற பெயர் வேறு. மூன்றிலும் நோயாளி எங்காவது இருக்கிறாளா பாருங்கள்!

"சரிங்க சாமி. போயிட்டு வாரேனுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள். அத்தனை தூரம் வெயிலில் வந்தவளுக்கு ஒரு சொம்பு மோர் கொடுக்கவும் எனக்குத் தோன்றவில்லை.

புதன்கிழமை நடந்ததைப் பிறகு பெரியண்ணன் சொல்லித்தான் அறிந்தேன். அந்த அத்தை பொல்லாதவள் இல்லை. பூரணம் வைத்து ஒப்புட்டு சுட்டு எடுத்துவந்திருக்கிறாள். எல்லார் எதிரிலும் ஒன்றைப் பிய்த்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு, மீதியை மருமகளாக வரவேண்டியவளிடம் நீட்டினாளாம்.

"இந்தா கண்ணு, என்கூடத் தின்னு. ஊரு கெடக்குது."

பாவாயி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். "வைத்தியரு வேண்டாம்னுட்டாருங்க அத்தை."

மூன்று தடவை நீட்டினாளாம். மூன்று தடவையும் அதே பதில். "ஒட்டிக்கும்னு அவளுக்கே தெரிஞ்சிருக்குது, பொறவு நம்மளுக்கென்ன பேச்சு?" என்று வந்திருந்த உறவுக்காரர்களில் யாரோ எழுந்தார்கள். அத்தை ஒப்புட்டைக் கீழே வைத்துவிட்டு, அழுதுகொண்டே வண்டி ஏறினாள். சொன்ன சொல் தட்டாத நோயாளி வேண்டும் என்று எல்லா வைத்தியருக்கும் ஆசை. எனக்கு வாய்த்தாள், பாவி மகள்.

நாற்பத்தெட்டாம் நாள் பெரியண்ணன் வந்தார். உடம்பில் ஒரு பொட்டுச் செதில் இல்லை என்றார். கல்யாணம் நின்றதையும் சொன்னார். "நீங்க வந்து உங்க கையால உப்பு குடுத்துட்டா..." என்று இழுத்தார். அன்றைக்கு உள்ளூர் நெய் வியாபாரி ஒருவருக்கு வயிற்று வலி, ஆள் வந்து காத்திருந்தான். "எனக்கு வேற வேலை இல்லீங்களா? தலைக்கு ஊத்தி, உப்பு போட்டுத் திங்கச் சொல்லுங்க. பத்தியம் முறிஞ்சுது, போங்க" என்றேன். "கல்யாணம்?" என்றார். "தை போனா பங்குனி. வேற மாப்பிள்ளையா இல்ல?" என்றேன். அவர் போனதும் என் குறிப்பு நோட்டில் அவள் பெயருக்கு நேரே 'பூரண குணம்' என்று எழுதினேன். நல்ல கையெழுத்தில் எழுதினேன்.

மூன்று வருஷம் போனது. யுத்தம் நடந்துகொண்டிருந்தது, பெட்ரோல் இல்லாமல் பஸ்கள் கரிப்புகையில் ஓடின. அப்படி ஒரு பஸ்ஸில் இருமிக்கொண்டே மல்லசமுத்திரத்தில் ஒரு வாத நோயாளியைப் பார்க்கப் போனேன். திரும்பும்போது உச்சிப்பொழுது. பக்கத்தில்தானே பாவாயி ஊர், ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாமே என்று தோன்றியது. உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா? என் 'பூரண குண'த்தைக் கண்ணால் பார்த்து, ஒரு கும்பிடு வாங்கிக்கொண்டு வரத்தான் போனேன்.

வாசலில் அவள் அண்ணன் மனைவி கடலைக்காய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "பாவாயி எங்கம்மா?" என்றேன். தலையை நிமிர்த்தாமல் கட்டுத்தரைப் பக்கம் கையைக் காட்டினாள்.

அங்கே மூன்று கல் அடுப்பு. புகைக்கு நடுவில் பாவாயி குந்தி உட்கார்ந்திருந்தாள். கையும் காலும் வழவழவென்று இருந்தன, ஒரு தழும்பு கிடையாது. அடுப்பில் சட்டி. சட்டியின் கழுத்தில் சுண்ணாம்புக் கோடு.

"இது நான் குடுத்த சட்டியா?" என்றேன்.

எழுந்து கும்பிட்டாள். "அது அப்பவே ஒடஞ்சு போச்சுங்க. இது நாலாவதுங்க."

"கோடு?"

"நாந்தானுங்க போடறேன். கோடு அழிஞ்சுதுன்னா அண்ணி சத்தம் போடுவாங்க, ஊட்டுச் சட்டியோட கலந்துரும்னு."

"உப்பு போட்டுத் திங்கச் சொன்னேனே, உங்கப்பன் சொல்லலியா?"

"சொன்னாங்க. பத்தியம் வெச்சவரே வந்து முறிக்காம உப்பு தின்னா நோயி திரும்பி வரும்னு ஊர்ல சொன்னாங்கங்க. நானே வந்து முறிக்கறேன்னு நீங்களும் சொல்லியிருந்தீங்கல்லங்க. அதான் பாத்துக்கிட்டிருந்தமுங்க. எனக்கு வேற வேலை இல்லையான்னு நீங்க கேட்டதுல, மறுபடி வந்து கூப்புட அப்பனுக்கு மனசு வரலீங்க."

"உங்கம்மா?"

"போன மாசியில தவறிட்டாங்க. அவங்க இருந்த வரைக்கும் என்கூட இந்தச் சட்டியிலதான் தின்னாங்க. அவங்களும் உப்பில்லாமத்தான்."

அடப் பாவி, நெய் வியாபாரியின் வயிற்று வலிக்கு ஓடினாயே, இந்தப் பெண்ணுக்கு ஒரு சிட்டிகை உப்பு கொடுக்க வர முடியவில்லையா என்று என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

"பசிக்குது, என் சாமி. சோறு போடு" என்றேன்.

"வேண்டாமுங்க, நீங்க எங்கயும் கை நனைக்க..."

"போடும்மா!"

சட்டியை நானே துணி சுற்றித் தூக்கிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தேன். அண்ணியைக் கூப்பிட்டேன், எதிர்வீட்டைக் கூப்பிட்டேன், கிணற்றடியில் நின்றவர்களைக் கை தட்டிக் கூப்பிட்டேன். வெயிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அவள் வட்டலில் சோறு போட்டாள். முதல் வாய் எடுத்து வைத்தேன். எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்த சோறு, ஒரு நாளும் நான் தின்று பார்த்ததில்லை. நாக்கில் சப்பென்று கிடந்தது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். அந்தக் குப்பையை இந்தப் பெண் மூன்று வருஷமாக, மாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தின்றிருக்கிறாள். அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே தின்றேன்.

"இது பெருநோய் இல்ல! என்னைக்குமே இல்ல! கேட்டுக்குங்க எல்லாரும்" என்று கத்தினேன். கோழி இறகை வைத்துப் பார்த்த அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் அது. பிறகு வீட்டு உப்புச் சாடியை எடுத்துவரச் சொன்னேன். அண்ணி தயங்கினாள், எதிர்வீட்டுக்காரி முகத்தைப் பார்த்தாள், பிறகு கொண்டுவந்தாள். ஒரு கல் உப்பெடுத்துப் பாவாயி உள்ளங்கையில் வைத்தேன். அவள் அதை நாக்கில் வைத்த வேகத்தில் முகத்தைச் சுளித்தாள்.

"கரிக்குதுங்க" என்றாள்.

அன்று மாலையே அண்ணி அவளை அடுப்படிக்குள் கூப்பிட்டுக்கொண்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். கிணற்றடியில் யாரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு போவதில்லையாம். அத்தை மகனுக்கு அதற்கு முன்பே வேறிடத்தில் கல்யாணமாகிப் பிள்ளையும் பிறந்துவிட்டது. பாவாயிக்குக் கல்யாணம் ஆகவில்லை. கதையாக இருந்தால் நடத்தி வைத்திருப்பேன்.

ஆகவே, பத்தியம் எழுதும்போது எதைத் தின்னக் கூடாது என்பதோடு பேனாவை மூடிவிடாதீர்கள். நோயாளி யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவர் என்று கேளுங்கள். வரும் நாட்களில் என்ன விசேஷம், யார் வீட்டு விருந்து என்று கேளுங்கள். எந்த இடத்தில் ஒரு வாய் தளர்த்தலாம் என்பது உங்களுக்குத் தெரியும், அதை ஒளிக்காமல் சொல்லுங்கள். காரணம் கேட்டால் சீறாதீர்கள். முறிக்க வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தால் அந்த நாளில் போய் நில்லுங்கள். அதற்குப் பிறகு நான் பத்தியம் வைத்த வீட்டிலெல்லாம் முதல் நாள் சோறு எனக்கும் சேர்த்துத்தான். ராசிபுரத்தில் என்னையும் சாப்பாட்டு ராமன் என்று சொல்லிச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஆசானிடம் மன்னிப்புக் கேட்கத்தான் அவர் இல்லை.

அன்றைக்கு நான் தின்று முடித்ததும் பாவாயி சொம்பில் தண்ணீர் எடுத்துவந்தாள். வாசல் ஓரத்தில் நின்று என் கைக்கு ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே கேட்டாள். குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"ஏனுங்க, எங்கம்மா அன்னைக்கு உங்க ஊட்டுக்கு வந்து கேட்டது, ஒரு வாயிதானுங்களா?"

"ஆமா சாமி. ஒரு வாய்தான்."

அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு வட்டலைப் பார்த்தாள்.

"இன்னைக்கு வட்டலையே காலி பண்ணிட்டீங்களேங்க" என்றாள்.